அண்ணாவின் ஊர் ஜுவான்யி

ஜுவான்யி என்ற ஊரை நான் என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் பார்த்தேன். அதுவும் அங்கிருந்து என் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வரப் போனபோது. ஆனால் அந்த ஊரின் தெருக்கள் எந்தப் பக்கம் சரிகின்றன, ஆறு எந்த இடத்தில் வளைகிறது, பாலத்தைக் கடந்து போனால் எந்தக் கோயில் மேலே தெரியும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முப்பது வருடத்துக்கு மேலாக நான் இருக்கும் ஜேர்மனியின் ஹம் நகரத்தைப் பற்றி அவ்வளவு சொல்ல எனக்குத் தெரியாது.

அண்ணாவும் நானும் ஒன்றாகத்தான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே செத்துப்போய்விட்டார்கள். வீடு எரிந்துவிட்டது. பூட்டிவிட்டு வருவதற்கு ஒரு கதவுகூட எங்களுக்கு மிஞ்சவில்லை. வழியில் எங்களைக் கூட்டிவந்தவர்கள் ஆண்களை ஒரு வாகனத்திலும் பெண்களை இன்னொன்றிலும் ஏற்றினார்கள். "பயப்பிடாதை, அங்கை போய்ச் சந்திப்பம்" என்று அண்ணா சொன்னார். அந்த "அங்கை" எனக்கு ஜேர்மனியாகவும் அவருக்குப் பிரான்சாகவும் போய்விட்டது.

முதல் சில வருடங்கள் எனக்கு அகதியாகப் பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தபோது கையில் குழந்தையும் முறைமாறி வரும் வேலையும் இருந்தன. அண்ணா என் கலியாணத்துக்கு ஒருமுறை வந்தார். மகள் பிறந்தபோது ஒருமுறை வந்தார். நான் அங்கே வருகிறேன் என்றால், "ஒரு அறை, ஒரு கட்டில். எங்கை உன்னைப் படுக்க விடுறது? நான் வாறன்" என்பார். அவர் கலியாணம் செய்யவில்லை. பாரிசில் எங்கள் ஆட்கள் நெருக்கமாக இருந்த இடத்தில் கொஞ்சக் காலம் இருந்தார். பிறகு, ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் சமையலறை வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஜுவான்யிக்குப் போனார். போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்து வேறு தமிழர் இல்லை.

ஆகவே எங்களுக்கு இருந்தது தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எடுப்பார். வேறு அண்ணன்மார் தங்கள் முதலாளியைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றிக் கதைப்பார்கள். என் அண்ணா அந்த ஊரைப் பற்றிக் கதைப்பார்.

"இந்த ஊர் ஆத்தங்கரையிலை தொடங்கி ஏறுது பார். ஏறி ஏறிப் போனால் உச்சியிலை முழுக்க முந்திரிகைக் கொடி."

யாழ்ப்பாணத்தில் திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் உணவகத்தில் லீவு எடுத்துக்கொண்டு அண்ணா அந்தச் சரிவில் பழம் வெட்டப் போவார். அங்கே செய்கிற வைன் சிவப்பும் இல்லையாம், வெள்ளையும் இல்லையாம், சாம்பல் என்று பெயராம். முந்தி அந்த மலை முழுக்கத் தோட்டமாம். பீப்பாய்களைப் படகில் ஏற்றினால் ஆறு அப்படியே பாரிசுக்குக் கொண்டுபோய் விடுமாம். மேலே காட்டில் வெட்டிய விறகுக் கட்டைகளையும் தெப்பமாகக் கட்டி அதே தண்ணீரில்தான் விட்டார்களாம். பிறகு வேரைத் தின்கிற ஒரு பூச்சி வந்து கொடிகளை எல்லாம் அழித்துவிட்டதாம். அதே காலத்தில் ரயிலும் வந்து தெற்கிலிருந்து மலிவான வைனைக் கொண்டுவந்து இறக்க, சனம் சரிவைக் கைவிட்டுவிட்டதாம். இப்போது இருப்பது பிற்காலத்தில் மறுபடி நட்ட கொஞ்சத் தோட்டம்.

"பாரிஸ் சேன் நதியிலை இருக்கு எண்டு பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள் என்ன? பொய். எங்கடை யோன் ஆறும் சேனும் சந்திக்கிற இடத்திலை யோனிலைதான் தண்ணி கூட. பெரிய ஆத்தின்ரை பேரைத்தானே வைக்கவேணும்? பாரிஸ் எங்கடை ஆத்திலை இருக்கு."

எங்கடை ஆறு. அவர் அப்படிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்த ஊர்த் தோட்டக்காரர் அறுநூறு வருடத்துக்கு முன்பு தங்கள் பிரபுவை, பீப்பாய் அடிக்கிற மரச்சுத்தியலால் அடித்தே கொன்றார்களாம். அந்தச் சுத்தியல் இன்றைக்கும் ஊரின் சின்னத்தில் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அண்ணாவின் குரலில் ஒரு பெருமை இருக்கும், தன் பாட்டன் செய்த காரியம் போல.

அந்த உணவகம் மூடப்பட்டதும் அண்ணா வேலை இல்லாமல் இருந்தார். அதற்குப் பிறகு தொலைபேசி எடுப்பது குறைந்தது. எடுத்தாலும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவார். "அதுக்கு என்ன சொல்லுறது... அது... தண்ணி ஓடுறது..." என்பார். ஆறு என்ற சொல் வராமல் அவர் தடுமாறியதை, வயது போகிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள், அவர் அறைக்குக் கீழ்வீட்டில் இருந்த பிரெஞ்சுக்கார அம்மா எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்திருந்த என் மகள் வாங்கிக் கதைத்தாள். கதைக்கக் கதைக்க அவள் முகம் மாறியது.

"அம்மா, மாமா அடுப்பிலை சட்டியை வைச்சிட்டு வெளியிலை போயிடுறாராம். சந்தைக்குப் போனால் திரும்பி வரத் தெரியாமல் நிக்கிறாராம். அந்த மடாம்தான் போய்க் கூட்டிக்கொண்டு வாறாவாம். தன்னாலை இனி ஏலாது எண்டு சொல்லுறா."

மகள் அப்போது பான் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார இறுதியில் அவளும் நானும் போனோம்.

பாரிசிலிருந்து தென்கிழக்காகப் போகும் ரயிலில் போய் இறங்கினால் நிலையம் ஆற்றின் இந்தப் பக்கம் இருக்கிறது. நீண்ட நேரான தெருவில் நடந்து பாலத்துக்கு வந்தோம். பழைய கல் பாலம். அதில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். அண்ணா சொன்னபடியே ஊர் ஆற்றங்கரையில் தொடங்கி ஏறியது. கூரைக்கு மேல் கூரை, நடுவில் கிறிஸ்தவக் கோயில்களின் கோபுரங்கள், மரச்சட்டம் வைத்துக் கட்டிய கோணல் வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே கோடு போட்டதுபோலக் கொடிகள். பல வருடமாகக் காதால் கேட்ட ஊர் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் கடைகளில் பாதி மூடியிருந்தன. ஊரில் இருந்த இராணுவ முகாமும் போய்விட்டதாம். சாளரங்களில் "விற்பனைக்கு" என்ற அட்டைகள் வெளிறிப்போய்த் தொங்கின.

மடாம் எங்களுக்காகப் படியில் காத்திருந்தார். எழுபது தாண்டிய, மெலிந்த, உதட்டுச் சாயம் பூசிய அம்மா. மகளிடம் நிறையக் கதைத்தார். மகள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இந்த ஊரிலை பிறந்த ஆக்களை விட மாமாவுக்குத்தான் ஊரைத் தெரியுமாம். வெளியாக்கள் வழி தெரியாமல் நிண்டால் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டுவாராம்."

அண்ணா அறையில் இருக்கவில்லை. எங்கே இருப்பார் என்று மடாமுக்குத் தெரிந்திருந்தது. மூன்று பேரும் மேலே ஏறினோம். கொடிகளுக்கு நடுவில் ஒரு கல்லில் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். கீழே ஆறு வளைந்து வெயிலில் மின்னியது. தாடி வளர்ந்திருந்தது. சேர்ட்டின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"வந்திட்டியே? சாப்பிட்டியே?" என்றார்.

நான் அவர் காலடியில் இருந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். அவர் என்னிடம் முழுதாகச் சொன்ன கடைசித் தமிழ் வசனங்கள் அவையாக இருக்கப்போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாளைக்கு என்னோடு வந்து இருங்கோ என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். பாலத்தைக் கடக்கும்போது இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். மடாம் மறுகரையிலேயே நின்றுவிட்டார்.

ஹம் தட்டையான ஊர். எங்கள் தெரு மேசைப் பலகை போல இருக்கும். காலையில் அண்ணா கதவைத் திறந்து வெளியே வந்து இடம் வலம் பார்ப்பார். சரிவைத் தேடுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கீழே போனால் ஆறு, மேலே போனால் தோட்டம் என்று அவருடைய கால்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் கீழும் இல்லை, மேலும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து சப்பாத்தோடு கட்டிலில் இருப்பார்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். மறதி நோய் வந்தவர்களை வருடக்கணக்காகக் கழுவித் துடைத்து ஊட்டியவள் நான். பிந்திப் படித்த மொழிதான் முதலில் போகும், தாய்மொழி கடைசிவரை நிற்கும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு அம்மா ஜேர்மன் மொழி முழுவதையும் மறந்து ரஷ்ய மொழியில் அழுதுகொண்டே செத்தார். ஆகவே நான் காத்திருந்தேன். பிரெஞ்சு உதிர்ந்து போகும், அடியில் இருந்து எங்கள் தமிழ் வெளியே வரும், அப்போது அண்ணா அம்மாவைப் பற்றி, கிணற்றடியைப் பற்றி, நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனதைப் பற்றிக் கதைப்பார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த ஆட்களும் அதையே சொன்னார்கள். "கவலைப்படாதைங்கோ அக்கா, கடைசியிலை எல்லாரும் ஊருக்குத்தான் திரும்புவினம்."

என் அண்ணாவுக்கு மறுவளமாக நடந்தது. தமிழ்தான் போனது. முதலில் வசனங்கள் போயின, பிறகு தனிச் சொற்களும் போயின, பிறகு நான் கதைப்பது அவருக்கு வெறும் சத்தமாகியது. வைத்தியரிடம் கேட்டேன். "பல வருடங்களாக அவர் எந்த மொழியில் வாழ்ந்தாரோ அது நிற்கிறது. இப்படியும் நடக்கும்" என்றார். அவருக்கு அது ஒரு நோயாளியைப் பற்றிய செய்தி. எனக்கோ, எங்கள் அம்மாவின் முகத்தை நினைவில் வைத்திருக்க இனி உலகத்தில் நான் ஒருத்திதான்.

ஒரு பின்னேரம் வேலையில் இருந்தபோது பொலிசிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணாவை ஆற்றங்கரையில் கண்டுபிடித்திருந்தார்கள். நகரத்தின் வடக்குப் பக்கத்தில் கால்வாயும் லிப்பே ஆறும் அருகருகாக ஓடுகின்றன. கால்வாயைக் கடந்து லிப்பே ஓரம்வரை போய்விட்டார். நான் ஓடிப்போனபோது, தண்ணீரைப் பார்த்துக் கைநீட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பொலிஸ்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பானில் இருந்த மகளுக்கு எடுத்து, கைத்தொலைபேசியை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"என்ன சொல்லுறார் பிள்ளை?"

"ஆறு மாறி ஓடுதாம் அம்மா. ஆரோ ஆத்தைத் திருப்பிப் போட்டாங்களாம்."

என் கூடப்பிறந்த அண்ணா என்ன சொல்கிறார் என்பதை நான் என் மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் நான் அழவில்லை.

அடுத்த முறை வந்தபோது மகள் ஜுவான்யியின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தாள். சமையலறை மேசையில் விரித்து இரண்டு பேரும் பார்த்தோம். அங்கே ஊர் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஊரிலிருந்து இறங்கிவந்து ஆற்றைப் பார்த்து நின்றால் தண்ணீர் இடமிருந்து வலமாகப் போகும். இங்கே எங்கள் ஊர் தென்கரையில் இருக்கிறது. நாங்கள் ஆற்றைப் பார்த்து நின்றால் தண்ணீர் வலமிருந்து இடமாகப் போகும். அண்ணா சொன்னது சரிதான். அவருடைய ஆறு திரும்பித்தான் ஓடியது.

அன்றே அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு பாலத்தால் லிப்பேயின் மறுகரைக்குப் போனேன். ஊரைப் பார்த்தபடி நிறுத்தினேன். தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடியது. அண்ணா குனிந்து பார்த்தார். தோள்கள் இறங்கின. இதோ, இதுதான் என்பதுபோல "வுவாலா" என்றார். அந்தச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வரும் நாட்களில் எல்லாம் அவரை அங்கே கூட்டிப்போனேன். மழையிலும் போனோம். கொஞ்ச நேரம் அமைதியாக நிற்பார். ஆனால் ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரித்தான் முடியும். ஆற்றைப் பார்த்துத் திருப்திப்பட்டவர், இனி மேலே ஏறலாம் என்று திரும்புவார். பின்னால் தட்டைப் புல்வெளியும் தூரத்தில் சில மாடுகளும் தெரியும். ஊரும் இல்லை, மலையும் இல்லை. அவர் முகம் வெளுத்துப்போகும். என் கையை உதறிவிட்டு அந்தப் புல்வெளிக்குள் நடக்கத் தொடங்குவார். ஈரம் சப்பாத்துக்குள் ஏற ஏற நடப்பார். நான் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஆற்றை என்னால் திருத்த முடிந்தது. மலையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் கணவர்தான் ஒரு யோசனை சொன்னார். அவர் அண்ணாவை மச்சான் என்று கூப்பிடுவார். அதிகம் கதைக்காத மனிதர். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை.

"ஹால்டேக்குக் கூட்டிக்கொண்டு போவமே? மச்சானுக்கு ஏறுற மாதிரி ஒரு இடம் கிடைக்குமெல்லே."

ஹால்டே என்பது நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் தோண்டி எடுத்த கழிவுக் கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி உண்டான குன்று. சுரங்கம் மூடியபிறகு அதில் மரம் வளர்ந்து, பாதை போட்டு, சனம் உலாவப் போகும் இடமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் உயரம் என்று சொல்ல இருப்பது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போனோம். அடிவாரத்தில் காரை விட்டு இறங்கியதும் அண்ணாவின் முகம் மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, மலர்ந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழக்கப்பட்ட ஆளின் நடையில், எங்களுக்கு முன்னால் ஏறினார். என் கணவர் மூச்சு வாங்கினார். அண்ணாவுக்கு வாங்கவில்லை. மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். "அப்பா களைச்சுப்போனார் எண்டு பகிடி பண்ணுறார்" என்றாள் அவள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படி நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

உச்சிக்குப் போனதும் நின்றார். ஒரு பேர்ச் மரத்தின் இலையைப் பிடித்துப் பார்த்தார். விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். பிறகு முட்புதர் ஒன்றை விலக்கிக் குனிந்து மண்ணைக் கிண்டினார். கறுப்புக் கல்தான் வந்தது. எங்கும் சுற்றிப் பார்த்தார். கீழே தட்டை நிலம், புகைபோக்கிகள், நெடுஞ்சாலை, காற்றாலைகள். மகளிடம் ஏதோ கேட்டார். அவரே திரும்பத் திரும்ப ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"கொடியளை எல்லாம் ஆர் பிடுங்கினது எண்டு கேட்டவர். இப்ப தானே சொல்லுறார், பூச்சி வந்திட்டுதாம். முழுக்கத் திண்டிட்டுதாம்."

நூறு வருடத்துக்கு முன்பே செத்துப்போன கொடிகளுக்காக என் அண்ணா அந்த நிலக்கரிக் கழிவில் இருந்து அழுதார். மூக்கு ஒழுக ஒழுக, குழந்தை அழுவதுபோல அழுதார். எங்கள் அம்மாவின் செத்தவீட்டில் அவர் அழவில்லை. நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். என் கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்ரை பிழை, நான்தான் சொன்னனான்" என்று திரும்பும்போது காரில் இரண்டு தடவை சொன்னார்.

அந்தக் கோடையில்தான் நெருப்பு விஷயம் நடந்தது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுட்டார்கள். புகை எங்கள் சாளரத்தால் உள்ளே வந்தது. நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணா திடீரென்று எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். பலமாகப் பிடித்தார். பல மாதங்களாக அவராக என்னைத் தொட்டதே இல்லை. என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார், குனிந்து, மற்றக் கையால் என் தலையை மறைத்தபடி. எங்கள் வீடு எரிந்த அன்று அண்ணா என்னை அப்படித்தான் இழுத்துக்கொண்டு ஓடினார். அதே பிடி. வந்துவிட்டது, எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணா! நான்தான் அண்ணா. எங்கடை வீடு ஞாபகம் வருதே? அம்மா ஞாபகம் வருதே?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வேகமாகக் கதைத்தார். கைத்தொலைபேசியில் மகளைப் பிடித்தேன். அவள் கனநேரம் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"அம்மா... சென்-ஜான் கோயில் பத்துதாம். கூரையெல்லாம் விழுதாம். எல்லாரும் ஆத்துக்கு இறங்கவேணுமாம். இது அந்த ஊரிலை முந்தி நடந்த பெரிய நெருப்பு அம்மா. வரலாறு. நானும் வாசிச்சனான். கிட்டத்தட்ட ஐந்நூறு வருசத்துக்கு முந்தி."

"வடிவாக் கேள். எங்கடை வீட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

"இல்லை அம்மா."

"ஒரு சொல்லும்?"

"இல்லை."

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த நெருப்பு அவரிடம் இல்லை. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரின் கோயில் எரிந்தது, அவர் பிறப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு எரிந்தது, அது இருக்கிறது. கையின் பிடி மட்டும் எங்கள் வீட்டிலிருந்து வந்ததா என்று நான் பிறகு எத்தனையோ தடவை யோசித்தேன். யாரிடம் கேட்பது?

அதற்குப் பிறகு அவரை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. கதவைப் பூட்டினால் அடித்து உடைத்தார். திறந்துவிட்டால் போய்விடுவார். நான் வேலை செய்யும் இல்லத்திலேயே இடம் கிடைத்தது. உறவினரை நாங்களே பராமரிக்கக்கூடாது என்பதால் வேறு மாடியில் விட்டார்கள். இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்ப்பேன். என் வேலை உடுப்பில் போகும்போது அமைதியாக இருப்பார், கஞ்சியை வாயைத் திறந்து வாங்குவார், முடிந்ததும் "மெர்சி, மடாம்" என்பார். லீவு நாளில் பஞ்சாபி உடுப்போ சேலையோ உடுத்திக்கொண்டு போனால் பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்வார். யாரோ ஒரு அந்நியப் பெண் தன் அறைக்குள் வந்துவிட்டாள் என்று மணி அடிப்பார்.

ஆகவே லீவு நாட்களிலும் நான் வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் நின்று அந்த வெளிர்நீல மேற்சட்டையைப் போடும்போது என் கணவர் பார்த்தார்.

"இண்டைக்கு உமக்கு வேலை இல்லையே?"

"அண்ணாவைப் பார்க்கப் போறன்."

அவர் என் சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்தார்.

தங்கையாகப் போனால் என்னைத் துரத்துகிறார். தாதியாகப் போனால் நன்றி சொல்கிறார். நான் தாதியாகவே இருந்துகொண்டேன். அவருடைய நகத்தை வெட்டினேன். தாடியை மழித்தேன். தாடி போன இடத்தில் அப்பாவின் நாடி அப்படியே இருந்தது அவருக்கு. மகளிடம் கேட்டுச் சில பிரெஞ்சு வசனங்களைப் பாடமாக்கினேன். இன்றைக்கு ஆறு நல்லாய் இருக்கிறது. பழம் பழுத்துவிட்டது. அடுத்த கிழமை வெட்டலாம். என் உச்சரிப்பு அவருக்கு விளங்கியதோ இல்லையோ, தலையாட்டுவார். சில நாட்களில் சாளரத்தைக் காட்டி நீளமாக ஏதோ சொல்வார். நானும் தலையாட்டுவேன்.

மாரியில் நியூமோனியா வந்தது. இரண்டு கிழமைகூடத் தாங்கவில்லை. கடைசி நாள் பின்னேரம் நான் பக்கத்தில் இருந்தேன். மேற்சட்டையோடுதான் இருந்தேன். காதுக்குள் குனிந்து "அண்ணா" என்று கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, விளங்காத மொழியில் யாரோ ஏதோ கேட்டால் சுருங்குமே, அப்படி. பிறகு மரியாதையாக ஒரு சிறு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

மகள் மடாமுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். அந்த அம்மா மறுமுனையில் சத்தம் போட்டு அழுதது எனக்கும் கேட்டது. இங்கே யாரும் அப்படி அழவில்லை. எங்கள் ஆட்களில் அநேகருக்கு அவரைத் தெரியாதே. சாம்பலை ஜுவான்யிக்குக் கொண்டுபோய் அந்த ஆற்றில் விட வேண்டும் என்று நான் விசாரித்தேன். சாம்பலை எங்கள் கையில் தர இங்கே சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். ஹம் மயானத்தில், வேலி ஓரத்தில், தட்டை நிலத்தில் வைத்தோம்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றியபோது, அண்ணாவோடு ஒரே வகுப்பில் படித்தேன் என்று சொன்ன ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா.

"பாவம் மனுசன். கடைசி நேரத்திலை ஊரைப் பற்றிக் கதைச்சவரே?"

அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகளும் பார்த்தாள்.

"ஓம் அக்கா," என்றேன். "ஒவ்வொரு நாளும் கதைச்சவர்."

அவ கண்ணைத் துடைத்துக்கொண்டா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர்க் கோப்பைகளைச் சேர்த்தேன். அவற்றைக் கழுவி முடிக்க வெகுநேரம் பிடித்தது.